யாருமில்லாதவளின் கணவன்

உட்காருங்கள். அந்தப் பக்கம் வேண்டாம், அங்கே ஃபேன் சத்தம்தான் போடும், காற்று வராது. இப்படி வாருங்கள்.

முதல் தடவையா? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உள்ளே போனது உங்கள் அண்ணனா? பயப்படாதீர்கள். நாலு மணி நேரம் ஆகும். ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் சுத்தம் செய்து, திரும்ப உள்ளே விடுகிறார்கள். ஊசி குத்தும்போதுதான் வலி, அப்புறம் இல்லை என்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? நான் உள்ளே போனதில்லை.

நானா? நான் ஒருவரைப் பார்க்க வந்தேன். தெரிந்தவர்.

சரி, உங்களிடம் சொன்னால் என்ன. நீங்கள் முதுகுளத்தூர்ப் பக்கம், நான் பரமக்குடி. உங்களுக்கு என்னையும் தெரியாது, என் முதலாளியையும் தெரியாது. அந்தக் கண்ணாடிக் கதவு வழியாகப் பாருங்கள். ஜன்னலோரப் படுக்கையில் பச்சைச் சேலை தெரிகிறதா? அவள் என் மனைவி. மங்களேஸ்வரி. மெல்லப் பாருங்கள், திரும்பிவிடப் போகிறாள். இங்கே யாருக்கும் தெரியாது.

சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அவளை ஒரு நாள்கூடக் கைநீட்டி அடித்ததில்லை. எங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. அவளுக்கு நான், எனக்கு அவள். அப்படிப்பட்டவள் மண்டபம் நிறைய ஆட்கள் இருக்கும்போது மைக்கைப் பிடித்து, "எனக்கு யாருமில்லை" என்று சொன்னாள். அதுவும் நான் மேனேஜராக இருக்கிற மண்டபத்தில். அந்த மானக்கேட்டை நான் யாரிடம் போய்ச் சொல்வது? அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

மீனலோசனி மஹால் என்று பரமக்குடியில் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். பெரிய வளைவு வைத்தது. அதற்கு நான்தான் மேனேஜர். முன்பு சின்னதாக ஒரு மெஸ் வைத்திருந்தேன், அது போய்விட்டது. மண்டபத்துக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகிறது. சம்பளத்தைக் கேட்காதீர்கள். ஆனால் மரியாதை இருக்கிறது. தினமும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வாசலில் நின்று சந்தனம், கல்கண்டு கொடுத்து, பன்னீர் தெளித்து, "வாங்க வாங்க" என்று கும்பிடுகிறவன் நான்தான். அதற்கென்று பெண்பிள்ளைகளை நிறுத்துவார்கள், ஆனால் பெரிய மனிதர் வந்தால் முதலாளி என்னைத்தான் தேடுவார். தாசில்தார் என்னிடம் கல்கண்டு எடுத்திருக்கிறார்.

இவளுக்குக் கால் வீங்கியது. நின்று நின்று வேலை பார்ப்பதால் என்று சொன்னேன். முகம் வீங்கியது. தூக்கம் கூடிவிட்டது என்று சொன்னேன். அப்புறம் ஒரு நாள் மூச்சு விட முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்தோம். கையில் இருந்தது, காதில் இருந்தது எல்லாம் போனது. கிட்னி ரெண்டும் போய்விட்டது, வாரம் ரெண்டு தடவை மெஷின் வைக்காவிட்டால் தாங்காது என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு, "காப்பீட்டு அட்டை இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை.

ஏன் இல்லை என்று நீங்களும் அப்படிப் பார்க்காதீர்கள். அந்த அட்டை வாங்க வருமானச் சான்று வேண்டும். அதற்கு வி.ஏ.ஓ. முன்னால் போய், என் வருமானம் இவ்வளவு குறைச்சல்தான் என்று எழுதிக் கொடுங்கள் என்று நிற்க வேண்டும். அந்த வி.ஏ.ஓ. மகள் கல்யாணம் எங்கள் மண்டபத்தில்தான் நடந்தது. சாப்பிட்டுப் போகும்போது என் தோளில் கை போட்டு, "மேனேஜர், ஒரு குறை சொல்ல முடியாதுய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரிடம் போய் நான் ஏழை என்று நிற்பதா?

இவள் சொன்னாள், "நீங்க வர வேணாம். நான் போய் நிக்கிறேன்."

"நீ போனாலும் என் பேரைத்தானேடி எழுதுவாங்க?"

"அப்ப அரசாஸ்பத்திரிக்காவது போவோம்."

அங்கே போனால் வார்டில் பாதிப்பேர் என் மண்டபத்தில் சாப்பிட்டவர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துக்கொண்டும் இருந்தேன். அதற்குள் இவளாக யாரிடமோ விசாரித்து, ராமநாதபுரத்தில் இப்படி ஒரு டிரஸ்ட் இருக்கிறது, அட்டை இல்லாதவர்களுக்கென்றே நடத்துகிறார்கள் என்று பஸ் ஏறி வந்து சேர்ந்துவிட்டாள். எனக்கும் நல்லதாகத்தான் பட்டது. வெளியூர். யார் கண்ணிலும் படாது. மண்டபத்தில் யாராவது கேட்டால், "தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா" என்பேன். யாரும் கேட்கவும் இல்லை. அவளை நான் மண்டபத்துப் பக்கம் கூட்டிப்போனதே இல்லை. அங்கே வருகிற பெண்கள் போட்டிருக்கிற நகையைப் பார்த்தால் அவளுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்.

இந்த டிரஸ்டுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெங்களூரில் ஒரு கம்பெனி. வருஷாவருஷம் தருமத்துக்கென்று ஒதுக்கிக் கொடுக்கிறார்கள். சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். ஆள் வந்து பார்ப்பார்கள். நோயாளிகளோடு பேசுவார்கள். திருப்தியாக இருந்தால் அடுத்த வருஷத்துக்கும் உண்டு. இல்லாவிட்டால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வருஷம் அப்படி வருகிறவர்களுக்கு ஒரு பாராட்டு விழா வைக்கலாம் என்று டிரஸ்டில் முடிவு செய்தார்கள். மதுரையில் விமானம் இறங்கி வருகிற வழியில் ஒரு மண்டபம் தேடினார்கள். என் முதலாளி முத்திருளப்பன் தரும காரியம் என்றால் முன்னால் நிற்பார். "நம்ம மஹாலையே எடுத்துக்கங்க, வாடகை வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

என் நேரத்தைப் பாருங்கள். ஊரில் எத்தனை மண்டபம் இருக்கிறது!

இவள் வீட்டில் வந்து சொல்கிறாள், "என்னப் பேசச் சொல்றாங்க. மெஷின் பார்க்குற ரெஜினா சிஸ்டர்தான் எழுந்து, மங்களேஸ்வரி நல்லாப் பேசும்னு சொல்லிருச்சு."

"எந்த மண்டபம்னு தெரியுமா? நம்ம மண்டபம்டி."

"நம்ம மண்டபமா? முதலாளி எப்ப எழுதிக் குடுத்தாரு?"

அவள் வாய் அப்படி. நான் பொறுமையாகச் சொன்னேன். வேறு யாரையாவது பேசச் சொல்லு, உடம்பு முடியவில்லை என்று சொல்லு. அவள் கேட்கவில்லை. "எங்கூட மெஷின்ல இருக்கிற பத்மாசனிக்கு மைக்கைப் பார்த்தா அழுகை வந்துரும். ஆறுமுகத்தேவருக்கு காது கேக்காது. நான் பேசலேன்னா யார் பேசுறது? காசு நின்னா எனக்கு மட்டுமா நிக்கும்?"

"அப்ப என் மானம்?"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். சரி, புரிந்துகொண்டாள், வரமாட்டாள் என்று நினைத்தேன்.

விழா அன்று காலையில் ஃபிளக்ஸ் வந்தது. மண்டப வாசலில் மாப்பிள்ளை பெண் படம் வைப்போமே, அந்தச் சட்டத்தில் கட்டுவதற்கு. போஸ் என்று எங்களிடம் ஒருவன், பந்தல் வேலை, வாழைமரம், தோரணம் எல்லாம் அவன்தான். அவன் சுருளைப் பிரித்தான். பிரிக்கப் பிரிக்க வருகிறது, இவள் முகம். ஆள் உயரத்துக்கு முகம் மட்டும். சிரிக்கிறாள். வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. கீழே கொட்டை எழுத்தில், "காப்பீடு இல்லாத ஏழை எளியோரின் நெஞ்சார்ந்த நன்றி."

"அண்ணே, இந்தம்மாவ எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே."

"ஃபிளக்ஸ்ல எல்லா மூஞ்சியும் பார்த்த மாதிரித்தான்டா இருக்கும். கட்டு."

கட்டினான். கழற்றச் சொல்ல முடியாது. பத்து மணிக்கு முதலாளி வந்துவிடுவார். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வாழைமரத்தை வளைவுக்கு ரெண்டு பக்கமும் கட்டுவோம் இல்லையா, அதில் ஒன்றைத் தள்ளி ஃபிளக்ஸுக்கு முன்னால் கட்டச் சொன்னேன்.

"என்னண்ணே, படத்த மறைக்குதே. குலை ரோட்டைப் பார்த்து இருக்கணும்ணே."

"வெயில் அடிச்சா படம் வெளுத்துப்போகும். சொன்னதச் செய்."

"ஒரு நாள்ல வெளுக்கவா?"

"போஸு, நீ மேனேஜரா, நான் மேனேஜரா?"

கட்டினான். குலை சரியாக அவள் வாய்க்கு நேரே வந்தது. இலை ரெண்டும் கண்ணை மறைத்தது. "ஏழை எளியோர்" மட்டும் தெரிந்தது. அதனால் பரவாயில்லை. ஏழை எளியோர் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

பெங்களூரிலிருந்து வந்தது ஷைலஜா மேடம். சின்ன வயசு, நல்லாவே தமிழ் பேசுவார். காரை விட்டு இறங்கியதும் ஃபிளக்ஸைப் பார்த்துவிட்டு, "ஒரு போட்டோ எடுத்துக்கலாமே" என்றார். "ஆனா முகம் தெரியலையே?" முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். "யாருய்யா மரத்த இங்க கட்டுனது? மேனேஜர், அந்த இலையக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தேன். ஒரு கையில் சந்தனத் தட்டு. இன்னொரு கையால் என் மனைவியின் முகத்திலிருந்து வாழையிலையை விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் எல்லோரும் வரிசையாக நின்று போட்டோ எடுத்தார்கள். "இலை ஆடுது, நல்லாத் தூக்கிப் பிடிங்க சார்" என்றான் போட்டோகிராபர். அவமானம் என்றால் அதுதான் அவமானம் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து டிரஸ்ட் வேன் வந்து நின்றது. நோயாளிகள் இறங்குகிறார்கள். ஆறுமுகத்தேவரை ரெஜினா சிஸ்டர் பிடித்து இறக்குகிறது. பின்னாலேயே இவள். கல்யாணப் பட்டைக் கட்டியிருந்தாள். தலை நிறையப் பூ. விழாவுக்கு வருகிறாளாம்.

நான் வாசலில் நிற்கிறேன். ஒரு பக்கம் முதலாளி. ஒரு பக்கம் பெங்களூர் மேடம். பின்னால் போஸ். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மனதில் கை வைத்துச் சொல்லுங்கள்.

நான் என் வேலையைச் செய்தேன். அவ்வளவுதான். பன்னீர் தெளித்தேன். தட்டை நீட்டினேன். "வாங்கம்மா, வாங்க" என்றேன். எல்லோரையும் சொல்கிற மாதிரித்தான் சொன்னேன், ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவள் ஒரு கணம் நின்றாள். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சந்தனத்தைத் தொட்டுக் கழுத்தில் வைத்துக்கொண்டாள். ஒரு கல்கண்டு எடுத்தாள். "நல்லாருக்கீங்களா, மேனேஜர் சார்?" என்றாள்.

"நல்லாருக்கேம்மா."

உள்ளே போய்விட்டாள். எனக்கு உயிர் வந்தது. என்ன இருந்தாலும் புத்திசாலி, காட்டிக்கொடுக்கவில்லை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். அவ்வளவு நல்லவன் நான்.

அப்புறம்தான் மேடையில் ஏற்றினார்கள். நன்றாகத்தான் பேசினாள். "வாரம் ரெண்டு தடவ எங்க ரத்தம் எங்கள விட்டு வெளிய போயிட்டு வருது. நாங்க ஊர் சுத்துனத விட அது அதிகமாச் சுத்திருக்கும்" என்றாள். கூட்டம் சிரித்தது. "மெஷின் ஓடுற சத்தம் கேட்டா எனக்குத் தாலாட்டு மாதிரி இருக்கும். அது நின்னுட்டா நாங்க தூங்கிருவோம். அப்புறம் எழுப்ப முடியாது" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதோடு இறங்கியிருக்கலாம். அந்த மேடம் சும்மா இராமல் கேட்டார், "வீட்டுல உங்களை யார் பார்த்துக்கறாங்க?"

இவள் கூட்டத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் வாசல் வரைக்கும் பார்த்தாள். நான் அங்கேதான் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். பிந்தி வருகிறவர்களை வரவேற்க வேண்டுமே.

"யாருமில்லைங்க" என்றாள்.

எப்படி இருந்திருக்கும் எனக்கு? குத்துக்கல் மாதிரி உயிரோடு நிற்கிறேன். பொய் சொல்லி தருமம் வாங்கலாமா? அது பாவம் இல்லையா? அவள் மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்குகிறாள், மண்டபத்தில் அத்தனை பேர் கையைத் தட்டுகிறார்கள். பக்கத்தில் நின்றவன் தட்டாமல் இருக்கிறேனே என்று என்னைப் பார்த்தான். நானும் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினேன்.

விழா முடிந்ததும் முதலாளி கூப்பிட்டார். "மேனேஜர், அந்தம்மாவுக்கு யாருமில்லையாம், பாவம். சாப்பாடு கொஞ்சம் நல்லாவே கட்டிக் குடுங்க, ராத்திரிக்கும் ஆகும்." கட்டினேன். சாம்பார், கூட்டு, அப்பளம், ஊறுகாய், ரெண்டு வாழைப்பழம், பாயசம் தனியாக. வேன் ஜன்னலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லாருங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டில் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து எனக்குப் பரிமாறினாள். அவள் ஒரு வாய்கூடத் தொடவில்லை. அவ்வளவு வீம்பு. அதோ, சுவரில் என்னவோ பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறார்களே, இந்த நோய்க்காரர்கள் வாழைப்பழம் சாப்பிடக்கூடாது, ஊறுகாய் கூடாது, அப்பளம் கூடாது என்றா போட்டிருக்கிறது? அப்படியா. எனக்குக் கண்ணாடி இல்லாமல் தூரத்தில் தெரியாது.

சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். கோபத்தில் சோறு இறங்கவில்லை, இருந்தாலும் கேட்டேன். "நான் ஒருத்தன் இருக்கும்போது யாருமில்லைன்னு எப்படிடி சொன்ன?"

"வாசல்ல உங்களக் கேட்டுட்டுத்தானே உள்ள போனேன், மேனேஜர்தானே பதில் சொன்னாரு" என்றாள்.

இது ஒரு பதிலா? நீங்களே சொல்லுங்கள்.

நிதி வந்துவிட்டது. அடுத்த வருஷத்துக்கு மட்டும் இல்லை, கூடுதலாகவே. துணைக்கு ஆளில்லாத நோயாளிகள் தங்குவதற்கு இங்கே பின்தெருவில் ஒரு வீடு எடுத்துக் கொடுத்தார்கள். மேடம் இவளை நினைத்துத்தான் அதைச் சேர்த்தாராம். ரெஜினா சிஸ்டர் போனில் கூப்பிட்டதும் இவள் ரெண்டு சேலையை எடுத்துப் பையில் வைத்துவிட்டாள்.

"ஆளிருக்கும்போது நீ எப்படிப் போவ?"

"மைக்ல சொன்னத இனி மாத்த முடியுமாங்க? அத நம்பித்தான் காசு குடுத்திருக்காங்க. போகலேன்னா பொய்யாயிரும்."

போய்விட்டாள். அக்கம்பக்கத்தில் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். முகூர்த்தம் இல்லாத வெள்ளிக்கிழமைகளில் நான் இப்படி வந்து உட்காருவேன். முதல் தடவை வந்தபோது ரெஜினா சிஸ்டர் கேட்டது, "சார், நீங்க யாருக்கு வந்திருக்கீங்க?" சட்டென்று என்ன சொல்வது? "எங்க முதலாளி, அந்த யாருமில்லாத அம்மாவ விசாரிச்சுட்டு வரச் சொன்னார்" என்றேன். "எவ்வளவு நல்ல மனசு அவருக்கு!" என்றது. அதுதான் நிலைத்துவிட்டது. இவளும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சில நாள் பார்ப்பாள். சில நாள் பார்க்க மாட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். நினைக்காமல் இல்லை. ஆனால் நான்தான் புருஷன் என்று இப்போது சொன்னால் அவள் பொய்க்காரி ஆகிவிடுவாள். பெங்களூருக்குத் தெரிந்தால் பத்மாசனிக்கும் போகும், ஆறுமுகத்தேவருக்கும் போகும், உங்கள் அண்ணனுக்கும் சேர்த்துத்தான் போகும். இத்தனை பேருக்காகத்தான் நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். முதலாளிக்குத் தெரிந்துவிடும் என்பது ரெண்டாவது.

இருங்கள். உள்ளே ஓடுகிறார்களே. ஜன்னலோரப் படுக்கைதானே அது? உங்கள் அண்ணன் இல்லை, அவர் இந்தப் பக்கம். திரையை இழுத்துவிட்டார்கள்.

சிஸ்டர் வருகிறது.

"மங்களேஸ்வரிக்கு... ஐயோ, அவங்களுக்குத்தான் யாருமில்லையே. சார், உங்க முதலாளிகிட்ட சொல்லிருங்க. பிரஷர் இறங்கிருச்சு. மதுரைக்கு ஏத்துறோம். ஆம்புலன்ஸ் வருது."

"சொல்லிர்றேன் சிஸ்டர்."

"நான் இங்க மெஷின விட்டுட்டு வர முடியாது. கூடப்போக ஒரு ஆள் வேணும். கையப் பிடிச்சுப் பேச்சுக் குடுத்துக்கிட்டே போகணும், கண்ணசர விடக்கூடாது. இங்க யாராச்சும் புண்ணியத்துக்குப் போறீங்களா?"

கேட்டீர்களா? நான் எப்படிப் போவது? ஆறு மணிக்கு மண்டபத்தில் வரவேற்பு. அதுகூட இருக்கட்டும். மதுரையில் இறங்கியதும் முதல் கேள்வி, நீங்கள் நோயாளிக்கு என்ன வேண்டும் என்பார்கள். என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. அவள் கண் விழித்து, அவள் காதுபட...

தம்பி, உங்களைத் தம்பி என்று கூப்பிடலாம் இல்லையா? நீங்கள் போய் வாருங்களேன். உங்களை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நாகநாதன், என் பெயர்தான், வெளியேதான் உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் அவள் காதில் சொல்லுங்கள். வேண்டாம், அதுகூட வேண்டாம். பேச்சுக் கொடுத்துக்கொண்டே போங்கள், போதும். அவளுக்குப் பேசப் பிடிக்கும்.

உங்கள் அண்ணனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவர் வெளியே வருகிற வரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன். மண்டபத்துக்கு வர முடியாது என்று போன் போட்டுவிடுகிறேன். அவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். யாராவது கேட்டால் சொந்தக்காரன் என்றே சொல்லிக்கொள்கிறேன்.